மாறுவேடமும் ஜென்டில்மேன் பட்டமும்: மறுமலர்ச்சிக் கால நகைச்சுவை நாடகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியர், பென் ஜான்சன், தாமஸ் டெக்கர் இவர்களுடைய நகைச்சுவை நாடகங்களைப் படிக்க ஆரம்பிக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இரண்டு சந்தேகம் வரும். ஏன் ஆளாளுக்கு வேடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? வேடம் மாற்றியவர்களும் மாற்றாதவர்களும் ஏன் 'நான் ஒரு ஜென்டில்மேன்' என்று அடித்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்? இந்த இரண்டையும் ஒரே கேள்வியாகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்த நாடகங்கள் பிடிபட்டன. நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே எனக்குள் கேட்டுக்கொண்ட சிலவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜென்டில்மேன் என்றால் அந்தக் காலத்தில் யார்? கண்ணியமான ஆள் என்று அர்த்தமா?

அந்த அர்த்தமும் இருந்தது. ஆனால் முதலில் அது ஒரு அந்தஸ்து. பிரபுக்களுக்குக் கீழே, சொந்த நிலத்தில் விவசாயம் பார்த்து வாழ்கிற யோமன்களுக்கு மேலே உள்ள படி அது. பெயருக்கு முன்னால் 'மாஸ்டர்' வரும், இடுப்பில் வாள் தொங்கும், குடும்பத்துக்கு ஒரு குலச் சின்னம் இருக்கும், கையால் உழைத்துச் சாப்பிடவேண்டிய அவசியம் இருக்காது. இதெல்லாம் ரத்தத்தில் வருவது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் நடைமுறை வேறு. வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் இங்கிலாந்தைப் பற்றி எழுதிய விவரணை 1577இல் வெளியானது. சட்டம் படித்தவன், பல்கலைக்கழகத்தில் இருந்தவன், உடலுழைப்பு இல்லாமல் வாழ முடிந்தவன், ஜென்டில்மேனுக்குரிய தோரணையையும் செலவையும் தாக்குப்பிடிக்க முடிந்தவன், இவர்கள் காசு கொடுத்தால் அதிகாரிகள் குலச் சின்னம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்று அதில் அவர் வெளிப்படையாக எழுதுகிறார். சாசனத்தில் 'தொன்மையான குடும்பம், பெரிய சேவை' என்று அவர்களே ஜோடித்தும் எழுதிவிடுவார்களாம். அதற்குப் பிறகு அவன் காலத்துக்கும் ஜென்டில்மேன்தான்.

இதில் 'தோரணை' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோரணைதான் தகுதி என்றால், அதை ஒரு நடிகனைவிட நன்றாகக் காட்டக்கூடியவன் யார்?

உடையை மாற்றினால் பெற்ற அப்பாவுக்கே அடையாளம் தெரியாமல் போகுமா? நம்பவே முடியவில்லையே?

இன்றைய கண்ணோடு பார்த்தால் நம்ப முடியாதுதான். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ராசலிண்ட் ஆண் வேடத்தில் காட்டுக்குப் போகிறாள். அங்கே நாடுகடத்தப்பட்டு வாழ்கிற அவளுடைய அப்பாவான கோமகன் அவளிடம் நின்று பேசுகிறார், 'நீ எந்தக் குலம்' என்று கேட்கிறார். 'உங்கள் குலத்துக்குச் சமமான குலம்தான்' என்று அவள் சொல்ல, அவர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஆனால் அந்தக் காலத்து ஆள் முகத்துக்கு முன்னால் உடையைத்தான் பார்த்தான். யார் எந்தத் துணி உடுத்தலாம் என்பதற்கு இங்கிலாந்தில் சட்டமே இருந்தது. எலிசபெத் ராணி 1574இல் வெளியிட்ட ஆணையில் ஊதாப் பட்டு யாருக்கு, வெல்வெட் யாருக்கு என்று படிப்படியாகப் பட்டியல் போட்டிருக்கிறது. 1604இல்தான் இந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. ஆள் பாதி ஆடை பாதி என்று நாம் பழமொழியாகச் சொல்வதை அவர்கள் அரசாணையாகவே வைத்திருந்தார்கள். இதை யாரும் ஒழுங்காக மதிக்கவில்லை என்பது வேறு விஷயம், அதனால்தான் ராணி திரும்பத் திரும்ப ஆணை போடவேண்டியிருந்தது.

இதில் நடிகர்களின் இடம்தான் விசித்திரமானது. 1599இல் லண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் ஒரு வழக்கத்தைக் குறித்துவைத்திருக்கிறார். பெரிய பிரபுக்கள் சாகும்போது தங்களுடைய நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு எழுதிவைத்துவிடுகிறார்கள், வேலைக்காரர்கள் அதை உடுத்துவது முறையில்லை என்பதால் குறைந்த விலைக்கு நடிகர்களுக்கு விற்றுவிடுகிறார்கள் என்கிறார். அதாவது மேடையில் பிரபுவாக நடிப்பவன் போட்டிருந்தது நிஜமாகவே ஒரு பிரபு போட்ட சட்டை! அதே நடிகன், ஒரு பிரபுவின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகப் போனால், 1572ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடோடி என்று பிடித்துத் தண்டிக்கப்படலாம். வாரத்துக்கு 6 ஷில்லிங் கூலி வாங்குகிற துணை நடிகர்கள் பட்டு உடுத்திக்கொண்டு ஜென்டில்மேன்களின் மூக்குக்குக் கீழே நடமாடுகிறார்கள் என்று ஸ்டீபன் காஸன் 1579இலேயே பொருமியிருக்கிறார். நாடகக் கம்பெனிகளுக்கும் துணிதான் பெரிய முதலீடு. ஹென்ஸ்லோ என்ற நாடகக் கொட்டகை முதலாளியின் கணக்குப் புத்தகத்தில், 1603இல் ஒரு நாடகத்தை எழுதிய தாமஸ் ஹேவுட்டுக்கு 6 பவுண்டு, அதே நாடகத்தில் கதாநாயகி உடுத்திய கவுனுக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங் என்று இருக்கிறது.

'ட்வெல்த் நைட்' வயோலா 'நான் ஒரு ஜென்டில்மேன்' என்று சொல்கிறாளே, அது பொய்தானே?

அது பாதிப் பொய், பாதி உண்மை, அதனால்தான் அந்தக் காட்சி அவ்வளவு அழகு.

கதை சுருக்கமாக: கப்பல் உடைந்து கரையேறிய வயோலா, செசாரியோ என்ற பையனாக வேடமிட்டு ஒர்சினோ கோமகனிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவருடைய காதலைச் சொல்ல ஒலிவியா என்ற சீமாட்டியிடம் தூது போகிறாள். ஒலிவியா கோமகனைக் கவனிக்கவே இல்லை, தூது வந்த பையனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். 'உன் பிறப்பு என்ன?' என்று கேட்கிறாள். 'என் இப்போதைய நிலைமையைவிட மேலானது, ஆனாலும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நான் ஒரு ஜென்டில்மேன்' என்று பதில் வருகிறது. கிளம்பும்போது ஒலிவியா பணப்பையை நீட்டுகிறாள். வயோலா தொடவில்லை. 'நான் கூலிக்குத் தூது வந்தவன் இல்லை, உங்கள் பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

அவள் போன பிறகு தனியாக நிற்கும் ஒலிவியா அந்தக் கேள்வியையும் பதிலையும் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறாள். உன் நாக்கு, உன் முகம், உன் கைகால், உன் செயல், உன் உள்ளம், இந்த ஐந்தும் சேர்ந்து உனக்கு ஐந்து மடங்கு குலச் சின்னம் என்கிறாள். குலச் சின்னத்தைக் காகிதத்தில் தேடாமல் ஆளிடமே படிக்கிறாள். அவள் படித்ததில் ஒன்றுகூடத் தப்பு கிடையாது, வயோலா உண்மையிலேயே அப்படிப்பட்ட ஆள்தான். 'மேன்' என்பது மட்டும்தான் தப்பு. அந்த நாடகத்தில் வாள் கட்டிக்கொண்டு திரிகிற ஆண்களில் இவ்வளவு நாணயமாக நடந்துகொண்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

மல்வோலியோவைப் பார்த்துச் சிரிக்கலாமா?

சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

மல்வோலியோ ஒலிவியா வீட்டுக் காரியஸ்தர். கறாரான ஆள், வீட்டில் குடித்துக் கும்மாளம் போடுகிறவர்களைத் திட்டுகிறவர். அவரைப் பழிவாங்க, ஒலிவியாவின் பணிப்பெண் மரியா எஜமானியின் கையெழுத்தைப் போலவே ஒரு காதல் கடிதம் எழுதித் தோட்டத்தில் போட்டுவிடுகிறாள். அதை எடுப்பதற்கு முன்பே மல்வோலியோ தனியாகப் பகற்கனவு கண்டுகொண்டு வருவார். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிவிட்டது, வெல்வெட் அங்கி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஒலிவியாவின் உறவினரான சர் டோபியைக் கூட்டிவரச் சொல்லி ஏழு ஆட்களை அனுப்புகிறார். 'அவர் வரும் வரைக்கும் என் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பேன், இல்லை என்னுடைய...' என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்பார். அப்புறம் 'ஏதாவது விலையுயர்ந்த நகையைத் தடவிக்கொண்டிருப்பேன்' என்று முடிப்பார். அந்த இடைவெளியில் அவர் கை பழக்கத்தில் கழுத்துச் சங்கிலிக்குப் போயிருக்கும் என்று பலர் விளக்குவார்கள். அது காரியஸ்தர் வேலைக்கு அடையாளமாகப் போடுகிற சங்கிலி. கனவில்கூடக் கை அங்கேதான் போகிறது. மறைந்திருந்து கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள், கொட்டகையும் சிரிக்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சில் ஏதோ தைக்கிறது.

கடிதம் சொன்னபடி மஞ்சள் காலுறையும் குறுக்குப் பட்டியும் கட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு ஒலிவியா முன் வந்து நிற்கிறார். அவளுக்கு மஞ்சள் பிடிக்காது. பைத்தியம் என்று முடிவு செய்து, டோபி கூட்டம் அவரை இருட்டறையில் அடைத்துவிடுகிறது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று நம் ஊரில் சொல்வதைத்தான் அந்தச் சிரிப்பும் சொல்கிறது. ஆனால் நாடகத்தை முழுக்கப் பாருங்கள். கடிதம் எழுதிய மரியாவும் ஒலிவியாவிடம் வேலை பார்ப்பவள்தான், அந்தத் தந்திரத்துக்குப் பரிசாக சர் டோபியையே கல்யாணம் செய்துகொள்கிறாள். வயோலாவின் இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன், ஒலிவியாவைப் பார்த்த சில நிமிடங்களில் அவளைக் கைப்பிடிக்கிறான். மேலே ஏற ஆசைப்பட்டதற்காக அடி வாங்கியது மல்வோலியோ ஒருவர்தான்.

இன்னொன்று. இருட்டறையிலிருந்து விதூஷகன் ஃபெஸ்டேயிடம் மெழுகுவர்த்தியும் பேனாவும் மையும் காகிதமும் கேட்கும்போது மல்வோலியோ, 'நான் ஒரு ஜென்டில்மேன் என்பதால், இந்த நன்றியை மறக்கமாட்டேன்' என்கிறார். வயோலா வெளிச்சத்தில் நின்று சொன்ன அதே வார்த்தைகள். அவளுக்கு அவை காதலைச் சம்பாதித்துக் கொடுத்தன. இவருக்கு ஒரு மெழுகுவர்த்தி கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. கடைசிக் காட்சியில் வயோலாவே அவரை 'ஒலிவியாவிடம் இருக்கும் ஒரு ஜென்டில்மேன்' என்று குறிப்பிடுகிறாள் என்பதையும் கவனியுங்கள்.

வாள் சண்டைக் காட்சிகள் எல்லாம் ஏன் இப்படிச் சொதப்பலாகவே முடிகின்றன?

ஜென்டில்மேன் என்றால் மானத்துக்கு இழுக்கு வந்ததும் வாளை உருவ வேண்டும், அதுதான் எதிர்பார்ப்பு. நகைச்சுவை நாடகங்கள் இதையே குறிவைத்து அடித்தன. 'ட்வெல்த் நைட்'டில் சர் ஆண்ட்ரூ என்ற நைட்டுக்கு, அதாவது 'சர்' பட்டம் பெற்றவருக்கு, வருடத்துக்கு மூவாயிரம் டுகாட் தங்கக் காசு வருமானம், பிரெஞ்சில் 'ஏன்' என்பதற்கான சின்ன வார்த்தைகூடத் தெரியாது. அவரையும் வேடத்தில் இருக்கும் வயோலாவையும் சர் டோபி மோதவிடுகிறார். இவரிடம் போய் அவன் பேய் என்கிறார், அவளிடம் போய் இவர் பேய் என்கிறார். ஆண்ட்ரூ போரில் பட்டம் வாங்கியவர் இல்லை, கம்பளத்தில் மண்டியிட்டுப் பட்டம் வாங்கியவர் என்றும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். ஆண்ட்ரூ தன் குதிரையையே கொடுத்துச் சமாதானம் பேசப் பார்க்கிறார். வயோலாவோ, இன்னும் கொஞ்சம் நெருக்கினால் நான் எந்த அளவுக்கு ஆண் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று முணுமுணுக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே நடுக்கம். இதில் யார் வேடம் போட்டிருக்கிறார்கள்?

'ஆஸ் யூ லைக் இட்'டில் ராசலிண்ட் இதை முதலிலேயே கண்டுபிடித்துவிடுகிறாள். வெளியே வீராப்பாக இருந்தால் போதும், எத்தனையோ கோழை ஆண்கள் அப்படித்தானே ஒப்பேற்றுகிறார்கள் என்கிறாள். அதே நாடகத்தின் விதூஷகன் டச்ஸ்டோன் தான் அரண்மனையில் இருந்தவன் என்பதற்கு ஆதாரம் அடுக்குவது எனக்கு மிகவும் பிடித்த இடம்: நடனமாடியிருக்கிறேன், ஒரு சீமாட்டியை முகஸ்துதி செய்திருக்கிறேன், நண்பனிடம் தந்திரமாகவும் எதிரியிடம் இனிமையாகவும் இருந்திருக்கிறேன், மூன்று தையல்காரர்களைப் போண்டியாக்கியிருக்கிறேன், நான்கு சண்டை வந்தது, ஒன்றில் கிட்டத்தட்ட மோதியேவிட்டேன். அப்புறம் ஒரு பிரபுவின் தாடி வெட்டு பிடிக்கவில்லை என்று சொன்னதில் ஆரம்பித்து, மரியாதையான பதிலடியிலிருந்து 'நீ பொய்யன்' என்று நேரடியாகச் சொல்வது வரை சண்டைக்கு ஏழு படிகள் வைக்கிறான். 'அப்படியானால்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் கடைசிப் படியிலிருந்தும் தப்பிக்கலாமாம். லண்டனில் வாள் பயிற்சி தந்த இத்தாலியர் வின்சென்டியோ சவியோலோவின் புத்தகம் 1595இல் வந்தது. அதில் இப்படிப்பட்ட வகைபிரிப்பு நிஜமாகவே, கண்டிப்பான பாடமாகவே இருக்கிறது.

பெண் வேடத்தில் பையன்கள் நடித்தார்கள், அந்தப் பெண் மறுபடி ஆண் வேடம் போடுகிறாள். குழப்பமாக இல்லையா?

அந்தப் பார்வையாளர்களுக்குப் பழகிப்போன விஷயம். நம்மிடமும் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் போட்டதெல்லாம் பையன்கள்தானே. இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் 1660 வரை பெண்கள் நடிக்கவில்லை. அதனால் ராசலிண்டாக நடித்த பையன், ஒரு பெண் ஆண் தோரணையைக் கற்றுக்கொள்வதை நடித்துக் காட்டவேண்டும். ஆண்மை என்பதும் ஒத்திகை பார்த்து வருவதுதான் என்று இதைவிட எளிதாக யாரும் காட்டிவிட முடியாது. நாடகம் முடிந்ததும் அதே பையன் முன்னால் வந்து, 'நான் ஒரு பெண்ணாக இருந்தால்' என்று பேசுவான்.

பென் ஜான்சன் 'எபிசீன்' நாடகத்தில் இதை எதிர்ப்பக்கம் திருப்பினார். வாய் பேசாத மணப்பெண் என்று நம்பி ஒருவர் கட்டிக்கொண்டது ஒரு பையனை, அது கடைசிக் காட்சி வரை பார்வையாளருக்கே தெரியாது. அந்தப் பெண்ணோடு படுத்ததாகப் பீற்றிக்கொண்ட இரண்டு 'சர்'களின் முகம் அந்த இடத்தில் எப்படி ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதே காலத்தில் நிஜமாகவே ஆண் உடையில் லண்டனில் திரிந்த மேரி ஃப்ரித் என்ற பெண்ணை வைத்து மிடில்டனும் டெக்கரும் 'தி ரோரிங் கேர்ல்' எழுதினார்கள், 1611இல் அச்சானது. அதில் லாக்ஸ்டன் என்ற ஜென்டில்மேன் அவளைக் காசுக்குக் கிடைப்பவள் என்று எண்ணி ஓரிடத்துக்கு வரச் சொல்கிறான். அவள் ஆண் உடையில் வந்து நிற்கிறாள், யாரோ இளம் வக்கீல் என்று நினைக்கிறான். அவள் வாளை உருவி, வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாத ஏழைத் தையல்காரிகளையெல்லாம் உன்னைப்போன்றவர்கள் இப்படித்தானே எடைபோடுகிறீர்கள் என்று கேட்டு அவனை வெட்டுகிறாள். ஜென்டில்மேன் செய்யவேண்டிய வேலை, அதாவது பெண்களின் மானத்துக்காக வாளெடுப்பது, அந்த நாடகத்தில் இவள் கைக்கு வந்துவிடுகிறது.

ஷேக்ஸ்பியரே காசு கொடுத்து ஜென்டில்மேன் ஆனார் என்பது உண்மையா?

குலச் சின்னம் வாங்கியது உண்மை. அவர் அப்பா ஜான், ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைத்து விற்றவர், ஊர் நிர்வாகத்தில் பதவி வகித்தவர். 1596இல் அப்பா பேரில் குலச் சின்னம் கிடைத்தது. கருப்புப் பட்டையில் தங்க ஈட்டி, மேலே ஒரு ராஜாளி, 'உரிமை இல்லாமல் அல்ல' என்று பிரெஞ்சில் ஒரு வாசகம். 1602இல் ரால்ஃப் புரூக் என்ற குலச்சின்ன அதிகாரி, தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று புகார் கிளப்பினார். அவருடைய பட்டியலில் 'நடிகன் ஷேக்ஸ்பியர்' என்றும் இருக்கிறது.

இதற்கு நடுவில், 1599இல் பென் ஜான்சனின் 'எவ்ரி மேன் அவுட் ஆஃப் ஹிஸ் ஹியூமர்' வந்தது. சோக்லியார்டோ என்ற நாட்டுப்புறப் பணக்காரன் 30 பவுண்டு கொடுத்துக் குலச் சின்னம் வாங்கிக்கொண்டு வருகிறான். சின்னத்தில் தலையில்லாத காட்டுப்பன்றி. வாசகம் என்ன போடலாம் என்று பேச்சு வரும்போது ஒருவர் 'கடுகு இல்லாமல் அல்ல' என்று போடச் சொல்கிறார். ஷேக்ஸ்பியரின் வாசகத்துக்கு விட்ட அடி இது என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அந்த நாடகத்தை மேடையேற்றியதே ஷேக்ஸ்பியர் பங்குதாரராக இருந்த கம்பெனிதான்.

அதே நாடகத்தில் நகரத்து ஜென்டில்மேன் ஆவது எப்படி என்று அவனுக்கு ஒரு பாடமும் நடக்கிறது. கிராமத்தில் வீடு நடத்துவதை விடு, உன் நல்ல நிலத்தில் நானூறு ஐந்நூறு ஏக்கரை விற்று இரண்டு மூன்று பெட்டி துணியாக மாற்று என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நிலம்தான் ஜென்டில்மேனுக்கு அடித்தளம். அதை விற்றுத் துணி வாங்கி ஜென்டில்மேனாகத் தெரிவது! அந்தத் தலைமுறையின் மொத்தத் தவிப்பும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தையும் இதில் சேர்க்கலாமா?

கட்டாயம். அது முழு நகைச்சுவை இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் ஷேக்ஸ்பியர் எழுதியதிலேயே மனசுக்கு நெருக்கமான காட்சி அதில்தான் இருக்கிறது. 1611 மே மாதம் குளோப் அரங்கில் அது நடந்ததை ஒருவர் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார்.

ஆட்டோலிகஸ் ஒரு திருடன். இளவரசனோடு உடை மாற்றிக்கொள்கிற வாய்ப்பு வந்ததும், இரண்டு ஆட்டிடையர்களிடம் போய் அரண்மனைக்காரன் மாதிரி நடிக்கிறான். என் நடையில் அரண்மனை தெரியவில்லையா என்று கேட்கிறான். கிழவரான இடையர் மட்டும் கூர்மையாகப் பார்க்கிறார்: உடை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போட்டிருக்கிற விதம் சரியாக இல்லை. அவர் மகனோ முழுசாக நம்பிவிடுகிறான். ஆள் பல் குத்துகிற விதத்திலேயே பெரிய மனுஷன் என்று தெரிகிறதே என்கிறான்!

கடைசியில், அந்த இடையர்கள் வளர்த்த பெண்தான் காணாமல்போன இளவரசி என்று தெரிகிறது. ராஜாக்கள் இவர்களைக் கட்டிப்பிடித்து அண்ணன் தம்பி என்கிறார்கள், புது உடை கிடைக்கிறது. மகன் வந்து ஆட்டோலிகஸிடம் சொல்கிறான்: நான் பிறவி ஜென்டில்மேன், நான்கு மணி நேரமாக. அதுமட்டுமா, அப்பாவுக்கு முன்னால் நான்தான் பிறவி ஜென்டில்மேன் ஆனேன், இளவரசர் என் கையைத்தானே முதலில் பிடித்தார் என்கிறான். எல்லோரும் சேர்ந்து அழுதோம், அதுதான் நாங்கள் விட்ட முதல் ஜென்டில்மேன் கண்ணீர் என்கிறான். ஆட்டோலிகஸ் மன்னிப்பும் சிபாரிசும் கேட்கிறான். கிழவர் மகனிடம், செய்துவிடப்பா, நாம் இப்போது ஜென்டில்மேன், மென்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்கிறார். மகனோ, நீ நேர்மையானவன் என்று இளவரசரிடம் சத்தியம் செய்கிறேன், அது பொய்யாக இருந்தாலும் நண்பனுக்காக ஜென்டில்மேன் சத்தியம் செய்யலாம் என்கிறான்.

இது எழுதியவர் கையுறை தைத்தவரின் மகன், அப்பாவுக்குச் சின்னம் வாங்கிக் கொடுத்தவர். 'அப்பாவுக்கு முன்னால் நான் ஜென்டில்மேன்' என்ற வரியை அவர் எழுதும்போது எந்த மேசை, எந்த மெழுகுவர்த்தி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

மேலே இருப்பவர் கீழே இருப்பவராக வேடம் போடும் நாடகம் உண்டா?

உண்டு. டெக்கரின் 'தி ஷூமேக்கர்ஸ் ஹாலிடே', 1599. லிங்கன் பிரபுவின் உடன்பிறந்தவர் மகன் ரோலண்ட் லேசி, பிரான்சுக்குப் படையோடு போகவேண்டியவன், காதலுக்காக நழுவி, ஹான்ஸ் என்ற டச்சுக்காரச் செருப்புத் தொழிலாளியாக லண்டனிலேயே வேலைக்குச் சேர்கிறான். பாதி டச்சு பேசுகிறான், பீர் குடிக்கிறான், பட்டறை அவனை அன்போடு ஏற்றுக்கொள்கிறது. வெளியே பார்த்தால் இது குதூகலமான கதை.

ஆனால் அதே பட்டறையில் ரால்ஃப் என்ற இளம் தொழிலாளி இருக்கிறான். புதிதாகக் கல்யாணமானவன். அவனைப் போருக்குப் பிடிக்கிறார்கள், மனைவி ஜேனை விட்டுவிட்டு அனுப்பவேண்டாம் என்று முதலாளி கெஞ்சியும் கேட்கவில்லை. கெஞ்சியது யாரிடம்? வேடம் போடுவதற்கு முன்பிருந்த இதே லேசியிடம்! ரால்ஃப் கால் ஊனமாகித் திரும்பி வருகிறான். ஓடிப்போன லேசிக்கு ராஜா மன்னிப்பும் கொடுத்து 'சர்' பட்டமும் கொடுக்கிறார். இடையில் ஹாமன் என்ற ஜென்டில்மேன், புருஷன் செத்துவிட்டான் என்று நம்பவைத்து ஜேனைக் கல்யாணம்வரை கொண்டுவந்துவிட்டான். உண்மை வெளியானதும் 20 பவுண்டு தருகிறேன், அவளை விட்டுக்கொடு என்று ரால்ஃபிடம் பேரம் பேசுகிறான். ஒரு செருப்புத் தொழிலாளி காசுக்காகத் தன் மனைவியைக் கூட்டிக்கொடுக்கும் அளவுக்கு இழிந்தவன் என்று நினைத்தாயா என்று ரால்ஃப் கேட்கிறான். நாடகம் அதற்கப்புறம் விருந்துக்குப் போய்விடுகிறது. நான் அந்த வரியிலிருந்து நகர முடியாமல் புத்தகத்தை மூடிவைத்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு முறை நாடகக் குழு ஒன்று இந்த நாடகத்தைச் சுருக்கிப் போட்டபோது ரால்ஃபின் பகுதியைத்தான் முதலில் வெட்டினார்கள். அதற்குப் பிறகு மிஞ்சியது வெறும் காதல் கதை.

இது இங்கிலாந்தில் மட்டும் நடந்ததா?

ஆரம்பம் இத்தாலியில். அரியோஸ்டோவின் 'இ சுப்போசிதி' 1509இல் ஃபெராராவில் நடந்தது, அதில் எஜமானனும் வேலைக்காரனும் பெயரையும் உடையையும் மாற்றிக்கொள்கிறார்கள். 1566இல் அதன் ஆங்கில வடிவம் லண்டனின் கிரேஸ் இன் என்ற சட்டப் பயிலகத்தில் மேடையேற, அங்கிருந்து ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ'வுக்கு வந்தது. ஜென்டில்மேனுக்கு வகுப்பெடுத்த புத்தகமும் இத்தாலியிலிருந்துதான். காஸ்டிலியோனேயின் 'அரண்மனையாளர்' 1528இல் வந்தது. கஷ்டப்பட்டுக் கற்றதைக் கஷ்டமே படாதது மாதிரி செய்துகாட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அது அப்படியே நடிகனுக்குச் சொல்லும் பாடம் என்பதைக் கவனியுங்கள்.

ஸ்பெயினில் லோப்பே டி வேகாவின் 'எல் பெர்ரோ டெல் ஒர்தெலானோ'வைப் படிக்காமல் விடாதீர்கள். டயானா என்ற சீமாட்டிக்குத் தன் செயலாளர் தியோதோரோ மீது காதல், ஆனால் குலம் தடுக்கிறது. அவனுடைய வேலைக்காரன் கிரேக்க வியாபாரியாக வேடமிட்டு, எப்போதோ மகனைத் தொலைத்த ஒரு கிழப் பிரபுவிடம் போய், அந்த மகன் இவன்தான் என்று நம்பவைத்துவிடுகிறான். கிழவர் அழுதுகொண்டே கட்டிக்கொள்கிறார். தியோதோரோவுக்கு மனசு கேட்காமல் டயானாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவளோ, ஊருக்கு நீ பிரபுவின் மகன் என்று தெரிந்தால் போதும் என்று கைப்பிடிக்கிறாள். இங்கிலாந்து நாடகங்கள் பெரும்பாலும் கடைசியில் 'இவன் நிஜமாகவே நல்ல குலம்' என்று காட்டிச் சமாதானம் செய்துவிடும். லோப்பே அந்தப் பொய்யைப் பொய்யாகவே மேடையில் விட்டுவைத்துத் திரையைப் போடுகிறார், அந்தத் துணிச்சல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தமிழில் இவற்றுக்கு ஏதாவது வடிவம் உண்டா?

உண்டு. 1949இல் வந்த 'கன்னியின் காதலி' திரைப்படம் 'ட்வெல்த் நைட்' கதைதான். கண்ணதாசன் பாடலாசிரியராக அறிமுகமானது அந்தப் படத்தில். மேடையில் பம்மல் சம்பந்த முதலியார் 'ஆஸ் யூ லைக் இட்'டை 'விரும்பிய விதமே' என்று தமிழாக்கினார்.

கடைசி வரைக்கும் வயோலா ஏன் பெண் உடைக்குத் திரும்பவே இல்லை?

நிறையப் பேர் கவனிக்காமல் விடுகிற இடம் இது. ராசலிண்ட் கல்யாணக் காட்சியில் பெண் உடையில் வருகிறாள். வயோலா வருவதில்லை. ஒர்சினோ அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன பிறகும், 'நீ ஆணாக இருக்கும் வரை' அப்படித்தான் கூப்பிடுவேன் என்று 'செசாரியோ' என்றே அழைத்துக்கொண்டு போகிறார்.

காரணம் எளியது. அவளுடைய பெண் உடைகள் அவளைக் கரைசேர்த்த கப்பல் தலைவனிடம் இருக்கின்றன. அவன் இப்போது சிறையில். சிறையில் போட்டது யார் என்றால், அவன்மீது வழக்குப் போட்ட மல்வோலியோ. மல்வோலியோவோ, இந்தக் கூட்டம் மொத்தத்தையும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டு அப்போதுதான் வெளியேறியிருக்கிறார். ஒர்சினோ அவர் பின்னால் ஆள் அனுப்புகிறார்: போய்ச் சமாதானம் பேசுங்கள், கப்பல் தலைவனைப் பற்றி அவர் இன்னும் நமக்குச் சொல்லவில்லை.

எல்லோரும் சேர்ந்து இருட்டில் பூட்டிய காரியஸ்தர் மனம் இறங்கினால்தான் சீமாட்டிக்குத் தன் உடை கிடைக்கும். அவர் திரும்பி வருவதை ஷேக்ஸ்பியர் எழுதவில்லை. ஃபெஸ்டே மழையைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறான், நாடகம் முடிந்துவிடுகிறது.